‘யாரு பாத்தா’ வக்கீல்

“மழை பெய்யுது சார்” என்று சொன்னால்கூட அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பார். விழுப்புரம் கோர்ட் வட்டாரத்தில் அவருக்கு ‘யாரு பாத்தா வக்கீல்’ என்று பேர். சொந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியாது. நானும் அந்தப் பேரை இங்கே எழுதப் போவதில்லை. செத்துப்போன மனிதர், பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அவரை நல்லவர் என்று சொல்லி ஆரம்பிக்க எனக்கு வாய் வரவில்லை. ஏழு மாதம் எனக்கு வக்கீலாக இருந்தார். அந்த ஏழு மாதமும் அவர் என்னைச் சந்தேகப்பட்டார். அதன் பிறகு நான் அவரைச் சந்தேகப்பட்டேன். என் சந்தேகம் அவருடையதைவிட நீளம். வருஷக்கணக்கில் போனது.

நான் திண்டிவனத்தில் மேஸ்திரி. ஒரு ஆவணி மாதம், நான் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் போர்டிகோ தளம், அடியில் தாங்கி நிற்கிற சென்ட்ரிங்கைப் பிரிக்கும்போது அப்படியே கீழே இறங்கிவிட்டது. அடியில் அஞ்சலை நின்றிருந்தாள். பெருமுக்கல்காரி. ஒன்பது வருஷமாக என்னிடம் சித்தாள் வேலை செய்தவள். இடுப்பெலும்பு நொறுங்கிப்போய் முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

வீட்டுக்காரர் கேஸ் போட்டார். முதல் பிரதிவாதி, பிளான் போட்டுக் கையெழுத்து வைத்த என்ஜினீயர். இரண்டாவது பிரதிவாதி நான். தப்பு யாருடையது என்பதுதான் முழு கேஸும். கான்கிரீட் போட்டால் இறுகுவதற்கு மூன்று வாரமாவது முட்டுக் கொடுத்து விடவேண்டும். அதற்கு முன்னால் பிரித்திருந்தால் மேஸ்திரி தப்பு. நாள் விட்டுப் பிரித்தும் விழுந்திருந்தால் பிளான் தப்பு, என்ஜினீயர் தப்பு. என்ஜினீயருக்குக் கவலையில்லை. தொழிலில் தவறு செய்தால் நஷ்டத்தைக் கட்டுவதற்கென்றே பாலிசி எடுத்து வைத்திருந்தார். அவர் தோற்றால் இன்சூரன்ஸ் கம்பெனி கட்டும். நான் தோற்றால் என் வீடு போகும். வீட்டை விடுங்கள், ‘தளம் விழுந்த மேஸ்திரி’ என்று பேர் ஆகிவிட்டால் திண்டிவனத்தைச் சுற்றி ஒரு கோழிக்கூண்டு கட்டக்கூட எவனும் கூப்பிட மாட்டான்.

அதனால்தான் விழுப்புரம் போனேன். கட்டட கேஸ், இன்சூரன்ஸ் கேஸ், டாக்டர் தப்பு, என்ஜினீயர் தப்பு என்றால் இந்தப் பக்கத்தில் அவர்தான் சீனியர் என்றார்கள். பாதிப் பேர் அவரைச் சொன்னார்கள். மீதிப் பேர், “அவராண்ட போவாத, அவரு இருவது வருசம் இன்சூரன்ஸ்காரனுக்கு வக்கீலா இருந்தவரு” என்றார்கள். இரண்டையும் கேட்டுக்கொண்டுதான் மாடிப்படி ஏறினேன்.

ஆபீஸ் சுவரில் ஒரு விரிசல் ஓடியது. அதன் குறுக்கே விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு ஒட்டியிருந்தது. பக்கத்தில் பென்சிலில் தேதி. எனக்கு அது என்னவென்று தெரியும். விரிசல் வளர்ந்தால் கண்ணாடி உடையும். பெரிய கட்டடங்களில் செய்வார்கள். வாடகை ரூமில் எந்த வக்கீல் செய்வான்?

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் குமாஸ்தா சொன்னார். ஒல்லியாக, காதில் பேனா சொருகிய ஆள். “பில்டிங் ஓனரு, விரிசல் அப்படியேதான் கீதுன்னு சொன்னாரு. இவரு நம்பல. கண்ணாடி ஒட்டிட்டாரு. டெய்லி காலைல சாமி கும்பிடறாரோ இல்லியோ, அதப் போய் ஒருவாட்டி பாத்துடுவாரு.”

உள்ளே போனேன். எழுபதை நெருங்கிய ஆள், சின்ன உருவம். உட்காரச் சொல்லவில்லை.

“சொல்லு.”

“மெத்தை வுயிந்துடுச்சி சார்.”

“எது?”

“மெத்தை சார். போர்டிகோ மெத்தை.”

“கோர்ட்ல மெத்தைன்னு சொன்னா கேஸ் அங்கியே படுத்துடும். தளம்னு சொல்லு.”

எங்கள் பக்கத்தில் மாடித் தளத்தை மெத்தை என்றுதான் சொல்வோம். அது அவருக்கும் தெரியும். ஆனாலும் சொல்லவிடவில்லை. காரணத்தைக் கீழே டீக்கடையில் குமாஸ்தா சொன்னார். அனந்தபுரத்தில் ஒரு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டிக்காரர் குடோனை இன்சூர் செய்திருந்தார். மழையில் தளம் இடிந்து மூட்டைகள் நாசம். “மெத்தை இடிந்து விழுந்ததில் சரக்கு சேதம்” என்று தமிழில் எழுதிக் கொடுத்தார். கம்பெனியில் அதை இங்கிலீஷில் மாற்றியவன், படுத்துக்கொள்கிற பஞ்சு மெத்தை என்று எழுதிவிட்டான். படுக்கைச் சாமான் விழுந்து மல்லாட்டை நசுங்காது என்று கம்பெனி கிளைமைத் தள்ளிவிட்டது. நம்ம வக்கீல் போராடி வாங்கிக் கொடுத்தார். இது குமாஸ்தா சொன்ன கதை.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் குமாஸ்தா போனதும் என்னிடம் சொன்னது வேறு. “வாங்கிக் குடுத்தது வேற வக்கீலு. பஞ்சு மெத்தைன்னு லெட்டர் எழுதனதே இவருதான். அப்ப இவரு கம்பெனி ஆளு.”

எனக்கு இது மண்டையைக் குடைந்தது. இரண்டாவது தடவை போனபோது நேராகவே கேட்டுவிட்டேன். மறைத்துப் பேச எனக்கு வராது.

“சார், அந்த மெத்தை கேஸ்ல நீங்க எந்தப் பக்கம்?”

அவர் கோபப்படவில்லை. “ரெண்டு கதையும் கேட்டுட்டியா? யாரு பாத்தா?” என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “அந்தத் தப்பு எந்தப் பக்கம் சாஞ்சிது, அத யோசி மேஸ்திரி. கம்பெனி பக்கம்தானே? ஒரே பக்கமா சாயற தப்பு, தப்பு இல்ல” என்றார்.

அவர் எந்தப் பக்கம் என்பதைக் கடைசிவரை சொல்லவில்லை.

எதையும் நம்பாத பிறவி. பன்னிரண்டு பக்கம் கொடுத்தால் முன்னாலிருந்து எண்ணுவார், பிறகு பின்னாலிருந்து எண்ணுவார். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் பொண்ணு மாப்பிள்ளை பேரைப் பார்க்க மாட்டார், எந்த அச்சகத்தில் அடித்தது என்று அடியில் பார்ப்பார். ஒரே கேள்வியை மூன்று வேறு நாளில் மூன்று விதமாகக் கேட்பார். மூன்று பதிலையும் குமாஸ்தா மூன்று நோட்டில் எழுதி வைப்பார். ஒருநாள் எரிச்சலில், “சாமி சத்தியமா சார்” என்றேன். “சாமிக்கு சம்மன் அனுப்ப அட்ரஸ் இல்ல. மனுஷன் எவனாவது இருந்தா சொல்லு” என்றார்.

முதல் நாளே நான் சொன்ன கணக்கு இதுதான். தளம் போட்டு இருபத்திரண்டாம் நாள் பிரித்தேன். வீட்டுக்காரரும் அதையே சொல்வார். அவருக்கு வீடு ஆகவேண்டும், என்னிடம் பிடுங்கினால் எத்தனை தேறும் என்று அவருக்குத் தெரியும். கம்பெனி கட்டினால் முழுசாகக் கிடைக்கும். என்ஜினீயர் மேல் எனக்கும் வயிற்றெரிச்சல். ஒரு தடவைகூட அவர் சைட்டுக்கு வந்ததில்லை. வந்து பார்த்ததாகச் சர்டிபிகேட்டில் மட்டும் கையெழுத்து, தேதியோடு. ஏசி ரூமில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டே பிழைக்கிறவன் தப்பித்துப் போவான், வெயிலில் நிற்கிறவன் மாட்டுவான். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“இருபத்திரெண்டு நாள்” என்று அவர் எழுதிக்கொண்டார். “அந்த அம்மாவைப் போய்ப் பாத்தியா?”

“டெய்லி போறேன் சார்.”

“யாரு பாத்தா?”

எனக்குச் சுர்ரென்று வந்தது. “ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குக்கூட சாட்சி வெச்சிக்கினு போவணுமா சார்?”

அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் பாசஞ்சர் ரயிலில் திண்டிவனம் வந்தார். வீட்டுக்காரர் சாப்பிடக் கூப்பிட்டதற்குப் போகவில்லை. மணல் குவியலில் உட்கார்ந்து, கொண்டுவந்த தயிர் சாதத்தைத் தின்றார். விழுந்து கிடந்த கான்கிரீட்டைச் சாவியால் சுரண்டினார். பிறகு எழுந்து காலியான இடத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

“முட்டுக் கழியெல்லாம் எங்க? ஷீட்டு?”

“வாடகைச் சாமான் சார். திருப்பிக் குடுத்துட்டேன்.”

“என்னிக்கு?”

“அன்னிக்கே.”

“ஒரு பொம்பள அடிபட்டு ரத்தத்துல கிடக்கா. நீ வாடகைச் சாமானை வண்டில ஏத்திக்கிட்டிருந்த.”

அவர் நோட்டில் எதுவும் எழுதவில்லை. அவர் எழுதாமல் விட்டால் அது எழுதியதைவிட மோசம் என்று அப்போதே தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

அதிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் போயிருக்கும். அஞ்சலையின் புருஷன் போன் செய்தான்.

“மேஸ்திரி, உங்க வக்கீலு ஊட்டுக்கு வந்துட்டுப் போனாரு.”

“பெருமுக்கலுக்கா? எதுக்கு?”

“இன்னாவோ கேட்டுக்கினு இருந்தாரு. மெத்தை போட்ட அன்னிக்கு இன்னா சோறு போட்டாங்கன்னு கேட்டாரு. மறுநாளு புள்ளைக்கு இஸ்கூலு உண்டா லீவான்னு கேட்டாரு. வயசாயிடுச்சி இல்ல, கொயம்பிட்டாரு போல.”

நானும் சிரித்தேன். ஆனால் போனை வைத்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. என்னிடம் சொல்லாமல் ஏன் போனார்? என் வக்கீல், என் சித்தாளை, எனக்குத் தெரியாமல் போய்ப் பார்ப்பானேன்?

அதே வாரம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவரைப் பார்த்தேன். கூட இருந்தவர் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல். என்ஜினீயருக்காக எனக்கு எதிரில் நிற்கிற அதே ஆள். ஒரு தட்டில் மசால் வடை. இரண்டு பேரும் அதிலிருந்தே எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அவன் என்னவோ சொன்னான், இவர் சிரித்தார். அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. என்னைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை, மறைக்கவும் இல்லை. மிச்ச வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையிலேயே விழுப்புரம் போய் நின்றேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்தார்.

“இருபத்திரெண்டு நாள்னு சொன்னியே, எப்படி எண்ணின?”

“காலண்டர்ல சார்.”

“எந்தக் காலண்டர்?”

“செல்லுல.”

“செல்லுல தமிழ் மாசம் காட்டாது. விழுந்த நாளு ஆஸ்பத்திரிச் சீட்டுல இருக்கு. அதுல இருந்து இருபத்திரெண்டு நாள் பின்னாடி போனா ஆடி மாசத்துல போய் நிக்குது. ஜன்னல் வைக்கிறதுக்கே நாள் பாத்த மனுஷன் அந்த வீட்டுக்காரன். ஆடில தளம் போட உன்னை விட்டானா?”

மேஸ்திரியாகி இருபது வருஷம். ஆடியில் ஒரு வீட்டுக்கும் நான் தளம் போட்டதில்லை. பொய்க்குத் தேதி எண்ணும்போது அது தோன்றவில்லை.

“தளம் போட்டா ஆளுங்களுக்கு பிரியாணி போடறது வழக்கம். அந்த வீட்டுல சாம்பார் சாதம் போட்டாங்க. ஆளுங்க முணுமுணுத்தாங்க. ஏன் பிரியாணி இல்ல? அன்னிக்கு கிருத்திகை. மறுநாள் அந்த அம்மா புள்ளைக்கு கிருஷ்ண ஜெயந்தி லீவு. விழுந்த அன்னிக்கு அமாவாசை. கிருத்திகைல இருந்து அமாவாசைக்கு விரல்விட்டு எண்ணு மேஸ்திரி. உனக்குக் கை இருக்கு இல்ல?”

எட்டு நாள். எண்ண வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

“இன்னொண்ணு. அமாவாசைக்குக் கரண்டி தொடற கொத்தனாரை நான் பாத்ததில்ல. ஊர்ல எல்லா சைட்டும் லீவு. நீ மட்டும் நாலு பேரை வெச்சி சென்ட்ரிங் பிரிச்ச. ஏன்?”

சொல்லிவிட்டேன். கண்டமங்கலத்தில் வேறொரு தளத்துக்கு மறுநாள் விடிகாலை கலவை மிஷின் வருவதாக இருந்தது. ஷீட்டும் முட்டும் வெளியே கிடைக்கவில்லை. வேறு ஆள் அந்த வேலையைப் பிடித்துவிடுவான் என்று பயம். லீவு நாளில் எவன் வந்து பார்க்கப் போகிறான் என்று பிரித்தேன்.

அவர் திரும்பி விரிசலைப் பார்த்தார்.

“எதிர்க்கட்சிப் பொய் எனக்கு முன்னாடி நிக்கும், எனக்கு அது தெரியும். உன் பொய் எனக்குப் பின்னாடி நிக்கும். நான் எதுக்குப் பயப்படணும், நீயே சொல்லு” என்றார். “எட்டு நாள்னு ஒத்துக்க. நீ பாதி அவன் பாதி. என்ஜினீயர் சைட்டுக்கே வரலன்னு நான் காட்டறேன். அவன் கையெழுத்துப் போட்ட தேதிக்கு அவன் எங்க இருந்தான்னு எனக்குத் தெரியும்.”

“ஒத்துக்கினா அப்புறம் எனக்கு எவன் சார் வேலை குடுப்பான்?”

“ஒத்துக்கலன்னா?”

எனக்குள் அந்த மசால் வடைத் தட்டுதான் நின்றது. “நீங்க யாரு வக்கீலு சார்? எனக்கா, அவனுக்கா? சொல்லாம கொள்ளாம பெருமுக்கல் போறீங்க. அவனோட ஒரே தட்டுல துண்றீங்க. என்னை ஒத்துக்கச் சொல்லி அவன் சொன்னானா?”

“உன் வக்கீல். அதனாலதான் நான் ரூம்ல கேக்கறேன். அவன் கேட்டா கூண்டுல வெச்சிக் கேப்பான்.”

“எனக்கு வேணாம். கேஸ் கட்டைக் குடுங்க.”

வேறு வக்கீலை வைத்துக்கொள்ள ஆட்சேபணை இல்லை என்று அந்த நிமிஷமே எழுதிக் கையெழுத்துப் போட்டார். கேஸ் கட்டைக் கொடுப்பதற்கு முன்னால் பக்கங்களை முன்னாலிருந்து ஒரு தடவை, பின்னாலிருந்து ஒரு தடவை எண்ணினார். வாசல்வரை வந்த குமாஸ்தா, “மேஸ்திரி, அவசரப்படறீங்க” என்றார். “உன் வேலையப் பாருய்யா” என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

திண்டிவனத்தில் புது வக்கீல் பிடித்தேன். நல்ல மனுஷன். நான் சொன்னதையெல்லாம் நம்பினார். காபி வாங்கிக் கொடுத்தார். இருபத்திரண்டு நாள் என்றேன், இருபத்திரண்டு நாள் என்று எழுதினார். ஒரு கேள்வி கேட்கவில்லை. வக்கீல் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன்.

கூண்டில் ஏறிய அன்று இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்தார். தளத்தைப் பற்றியோ கம்பியைப் பற்றியோ கேட்பார் என்று தயாராக நின்றேன்.

“தளம் போட்ட அன்னிக்கு ஆளுங்களுக்கு சாப்பாடு போட்டாங்களா?”

“போட்டாங்க.”

“என்ன சாப்பாடு?”

கோர்ட் ஹாலின் பின்பெஞ்சைப் பார்த்தேன். என் பழைய வக்கீல் உட்கார்ந்திருந்தார். வேறு ஏதோ கேஸுக்கு வந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. மடியில் ஒரு கேஸ் கட்டை வைத்துக்கொண்டு பக்கம் எண்ணிக்கொண்டிருந்தார்.

“பிரியாணி” என்றேன்.

“கோழியா, ஆடா?”

“கோழி.”

அந்த வக்கீல் ஒரு ஹோட்டல் பில்லை எடுத்து நீட்டினார். நாற்பது சாம்பார் சாதம் பார்சல், வீட்டுக்காரர் பேரில். அடியில் தேதி. “பதில் சொல்லுங்க” என்று ஜட்ஜ் இரண்டு தடவை சொன்னார். என் புது வக்கீல் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். பாவம், முதல் தடவையாக என்னை நம்பாமல் பார்த்தார்.

முழுப் பழியும் என் தலையில் விடிந்தது. என்ஜினீயர் சைட்டுக்கே வரவில்லை என்பதை யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய ஆளை நான் மாற்றியிருந்தேன். பொய் சொன்னவன் என்று ஆன பிறகு, நான் சொன்ன உண்மையையும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டை விற்றேன். தளம் போடக் கூப்பிடுவது நின்றது. பூச்சு வேலை, டைல்ஸ் ஒட்டுகிற வேலை, அவ்வளவுதான்.

தீர்ப்பு வந்த மறுநாள் விழுப்புரம் போனேன். ரூமில் கட்சிக்காரர்கள் நாலு பேர் இருந்தார்கள். அதைப் பார்க்கவில்லை. “இன்னா சார், என்னை எவ்ளோக்கு வித்தீங்க? சாம்பார் சாதத்தைப் பத்தி உங்களுக்கும் எனக்கும் தவிர யாருக்கு சார் தெரியும்? வடை துண்ணும்போதே சொல்லிட்டீங்களா?” என்று கத்தினேன்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆமாம் என்றாவது சொல்லியிருக்கலாம். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “யாரு பாத்தா?” என்றார்.

அவ்வளவுதான். காறித் துப்பாமல் படியிறங்கினேன், அதுவே பெரிசு.

வருஷங்கள் போயின. போன தை மாதம் விழுப்புரத்தில் ஒரு பழைய கட்டடத்துக்குப் பூச்சு வேலை என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் அதே மாடி. அவர் செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வாடகைக்கு வேறு ஆள் வருகிறார்கள், விரிசலை மூடவேண்டும். குமாஸ்தா பழைய கட்டுகளைக் கோணியில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “வாங்க மேஸ்திரி. உங்களைப் போயி விரிசல மூடச் சொல்லியிருக்காங்களே” என்றார்.

கண்ணாடித் துண்டு அப்படியே இருந்தது. உடையவில்லை. கரண்டியால் நெம்பினேன், ஒரே துண்டாகக் கையில் வந்தது. விரிசல் ஒரு நூல்கூட வளரவில்லை.

“பாருய்யா. இத்தினி வருசம் இந்தச் செவுத்தப் போயி சும்மா சந்தேகப்பட்டுக்கினு இருந்துகிறாரு” என்றேன்.

“சந்தேகப்பட்டதாலதான் நின்னுதோ இன்னாவோ” என்றார் குமாஸ்தா.

எனக்குப் பழைய சூடு ஏறியது. “என்னை வித்தாரே, அதுக்கு இன்னா சொல்ற?”

“விக்கல மேஸ்திரி.”

“யாரு பாத்தா?”

குமாஸ்தா சிரித்தார். கோணியைக் கட்டிவிட்டு நிமிர்ந்து, “நான் பாக்கல. எனக்குத் தெரியாது. ஆனா பெருமுக்கல்ல ஒருத்தி இருக்கா இல்ல, அவளப் போயிக் கேளுங்களேன். எத்தினி வருசமா அவளை நீங்க கேக்கவே இல்லியே” என்றார்.

அங்கே எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. டெய்லி போகிறேன் என்று சொன்னேனே, ஒருநாள்கூடப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்கும் இல்லை, வீட்டுக்கும் இல்லை. போனால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று வீட்டுக்காரர் சொன்னார். அப்படி ஒருத்தர் சொல்லவேண்டும் என்று நானும் காத்துக்கொண்டிருந்தேன். தீர்ப்புக்கு அப்புறம் எந்த முகத்தோடு போவது?

அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். அஞ்சலை வாசலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஊன்றுகோல். நிமிர்ந்து பார்த்தாள்.

“வாங்க மேஸ்திரி. வயி தெரிஞ்சிதா?”

உட்கார்ந்தேன். நலம் விசாரிக்க வாய் எழவில்லை. நேராகக் கேட்டேன். “சாம்பார் சாதத்தைப் பத்தி நீ யார் யாருகிட்ட சொன்ன?”

“கேட்டவங்களுக்கெல்லாம் சொன்னேன். சொல்லக் கூடாதுன்னு எனக்கு யாரு சொன்னா? மொதல்ல உங்க வக்கீலு வந்தாரு. நாலு மாசம் கயிச்சி இன்சூரன்ஸ்ல இருந்து ஒரு ஆளு வந்தாரு. ஆப்பிளு பயம் வாங்கினு வந்தாரு. நான் ஆஸ்பத்திரில இருந்து வந்ததுல இருந்து என்னைப் பாக்கப் பயம் வாங்கினு வந்த மொத ஆளு அவருதான். அன்னிக்கு இன்னா நடந்துச்சிம்மான்னு கேட்டாரு. எல்லாத்தையும் சொன்னேன்.”

“அந்த ஆளை அனுப்பினது நம்ம வக்கீலா இருக்குமோ?”

“அது எனக்கு எப்புடித் தெரியும்?”

எனக்கும் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. எவனும் சொல்லாமலே பெருமுக்கலுக்கு ஒருவன் வழி கேட்டு வந்துவிட முடியும். நான் வரவில்லை என்பது மட்டும் தெரியும்.

“உங்க வக்கீலு ஒரு பயமும் வாங்கினு வரல” என்றாள் அஞ்சலை. “நான் குடுத்த தண்ணியவே மோந்து பாத்துட்டுத்தான் குடிச்சாரு. அப்படி ஒரு மனுசன்.” சிரித்தாள். பிறகு கையிலிருந்த மல்லாட்டையை உரிக்காமல் வைத்துக்கொண்டு சொன்னாள். “போறப்போ ஒண்ணு கேட்டாரு. மேஸ்திரி டெய்லி உன்னை வந்து பாக்கறேன்னு சொல்றாரே, வர்றாராம்மான்னு கேட்டாரு.”

“நீ இன்னா சொன்ன?”

“வர்றாருன்னேன்.”

“ஏன் அப்படிச் சொன்ன?”

“ஒம்போது வருசம் உங்க கையில கூலி வாங்கிருக்கறேன். வெளியாளுகிட்ட உட்டுக் குடுப்பனா?” மல்லாட்டையை உடைத்தாள். “அந்த மனுசன் உடல. யாரு பாத்தான்னு கேட்டாரு. நான் வாயத் தொறக்கல. என்னை ஒருவாட்டி பாத்தாரு. நோட்ட மூடிக்கினு எயிந்து பூட்டாரு.”

எனக்குத் தெரிந்து அவர் நம்பாத ஒன்றை மேற்கொண்டு கிளறாமல் விட்டது அந்த ஒரு இடத்தில்தான். என் முகத்துக்கு நேரே ஒரு நாளும் அவர் என் அந்தப் பொய்யைச் சொல்லிக் காட்டவில்லை. ரூமில் நாலு பேர் முன்னால் நான் கத்தினபோதுகூட.

அஞ்சலை ஊன்றுகோலை எடுத்து வேலியைத் தட்டினாள்.

“ஏ லூர்து மேரி! இங்க வா சித்த. எங்க மேஸ்திரி வந்துகிறாரு, என்னைப் பாக்க. நல்லா பாத்து வெச்சிக்கோ. நாளைக்கு எவனாவது வந்து கேட்டான்னா நீதான் சாட்சி.”

பக்கத்து வீட்டுக்காரி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் எழுந்து நின்றேன்.